உயிர் கேட்கிறது, மெய் கேட்கவில்லை: ஆலை இரைச்சலும் தொழிலாளியின் காதும் குறித்துச் சில குறிப்புகள்

1

பெருங்களத்தூரில் என் பெரியப்பா வீட்டில் குக்கர் விசில் வரும் நேரத்துக்குப் பெரியம்மா அடுக்களையிலிருந்து ஒரு குரல் கொடுப்பார்: 'விசில் வரப்போவுது, காதப் பொத்திக்கோங்க.' அந்தக் குரல் பெரியப்பாவுக்குக் கேட்காது. பேரன் ஓடிப்போய்த் தோளைத் தொட்டுச் சைகை காட்ட வேண்டும். அதற்குள் விசில் அடித்துவிட்டால் மனிதர் முகத்தைச் சுளித்துக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவார். எவர்சில்வர் தட்டு கைதவறி விழுந்தால் அன்று முழுக்க வீட்டில் பேச்சு இருக்காது.

பேசுவது கேட்காதவருக்கு விசில் எப்படி வலிக்கும்? வந்துபோகும் உறவினர்களில் பாதிப்பேர் இதை நம்புவதில்லை. 'காரியச் செவிடு' என்று சிரிப்பார்கள். மெதுவாகப் பேசினால் 'என்ன?' என்பார். கொஞ்சம் குரலை உயர்த்தினால் 'ஏன் கத்தறே, நான் என்ன செவிடா?' என்பார். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள குறுகிய இடத்தில்தான் பெரியம்மா முப்பது வருஷமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்.

பெரியப்பா 26 ஆண்டுகள் பவர் பிரஸ் ஓட்டியவர். எந்தக் கம்பெனி என்பது இங்கு முக்கியமில்லை. கிண்டியிலிருந்து மறைமலை நகர் வரை அப்படிப்பட்ட ஷெட்டுகள் எத்தனையோ. தகடு, டை, அடி. தகடு, டை, அடி. இரண்டு விரல் போன சகதொழிலாளிகளை அவருக்குத் தெரியும். தன் காது போனது அவருக்கு எப்போது தெரிந்தது என்று கேட்டேன். 'தெரியலப்பா, அது என்ன ஒரே நாள்லயா போச்சு' என்றார்.

இக்கட்டுரை இந்தப் பதிலிலிருந்து தொடங்குகிறது. தமிழ்நாட்டுத் தொழிலாளர் வரலாறு என்று நாம் எழுதி வைத்திருப்பதில் கூலி இருக்கிறது, வேலைநிறுத்தம் இருக்கிறது, துப்பாக்கிச் சூடு இருக்கிறது. பஞ்சு அடைத்த நுரையீரல்கூட ஓரத்தில் இருக்கிறது. காது இல்லை. ரத்தம் சிந்தாத, தேதி இல்லாத, சாட்சி இல்லாத ஒரு காயத்தை வரலாறாக எழுதுவது எப்படி என்பதே நம்முன் உள்ள கேள்வி.

2

தாம்பரத்தைச் சுற்றிய இந்தத் தென்புறத்தை ஒலிகளால் ஆன நிலப்பகுதி என்றால் தவறாகாது. 1931இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மீட்டர் கேஜில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. பல்லாவரம், பம்மல், திரிசூலம் குன்றுகளில் வெடி வைத்துக் கல் உடைத்தார்கள். நகரத்தின் கட்டடங்களுக்கு அங்கிருந்து ஜல்லி போயிற்று. தாம்பரம் விமானப்படைத் தளத்தில் 1954 முதல் விமானிப் பயிற்றுநர் பள்ளி நடக்கிறது. 1958இல் கிண்டியில் தொழிற்பேட்டை. 1984இல் தாம்பரத்தில் ஏற்றுமதி வளாகம்.

பெருங்களத்தூரை ஒட்டி ஜிஎஸ்டி சாலையோரம் ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை இருந்தது. 1948இல் தொடங்கப்பட்ட கம்பெனி அது. 1961 முதல் ஹெரால்டு கார், 1985இல் ஸ்டாண்டர்டு 2000. அந்தப் பெரிய கார் கைகொடுக்கவில்லை; 1980களின் இறுதியில் உற்பத்தி நின்றது. பின்னால் அந்த நிலத்தில் ஐடி வளாகமும் அடுக்குமாடிகளும் எழுந்தன. அந்தப் பக்கம் குடிவந்தவர்களுக்கு அது அமைதியான இடம். பழைய ஆட்களுக்கு அந்த அமைதிக்கு வேறு அர்த்தம் உண்டு. மிஷின் ஓடினால் சோறு, நின்றால் பட்டினி என்று பழகிய காதுக்கு நிசப்தம் என்பது லாக்-அவுட்.

இது மேம்போக்கான விஷயமல்ல. ழாக் அத்தாலி 1977இல் வெளிவந்த தம் நூலில் இரைச்சலுக்கும் அதிகாரத்துக்கும் உள்ள உறவைப் பேசினார். எதை இசை என்பது, எதை இரைச்சல் என்பது, யார் சத்தமிடலாம் என்பது எல்லாம் அதிகாரம் வகுப்பவை என்கிற அளவில் அவர் நமக்கு உதவுவார். ஈ.பி. தாம்ஸன் 1967இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, கடிகாரம் எப்படித் தொழிலாளியின் உடலுக்குள் நுழைந்தது என்று காட்டியது. நமது ஊர்களில் கடிகாரம் கண் வழியாக நுழையவில்லை, காது வழியாக நுழைந்தது. ஆலைச் சங்கு ஊதித்தான் மில் தெருக்கள் எழுந்தன, உலை வைத்தன. ஆனால் இவ்விருவரிடமும் ஒரு குறை. ஒலியும் நேரமும் அவர்களிடம் அடையாளங்களாக, ஒழுங்குகளாக வருகின்றன. ஒலி தசையில் இறங்குகிற ஒரு பௌதிகப் பொருள் என்பது அவர்கள் அக்கறையில் இல்லை. காற்று அழுத்தமாக வந்து உள்ளே எதையோ உடைத்துவிட்டுப் போகிறதே, அதைச் சொல்ல வேறு ஆள் வேண்டும்.

அந்த ஆட்கள் மருத்துவர்கள். இத்தாலியில் ராமஸ்ஸினி 1700இல் தொழிலாளர் நோய்கள் பற்றிய நூலை வெளியிட்டார். 1713இல் அதை விரித்தபோது, வெனிஸில் நாள் முழுக்கச் செம்பு தட்டுகிறவர்கள் காது மந்தமாகி, வயதானதும் முற்றாகச் செவிடாவதை எழுதிவைத்தார். 1886இல் கிளாஸ்கோவில் தாமஸ் பார் என்ற காது மருத்துவர் பாய்லர் கட்டும் தொழிலாளர் 100 பேரைச் சோதித்தார். ஒருவருக்குக்கூட இயல்பான செவித்திறன் இல்லை. ஆக, ஆலை இரைச்சல் காதைக் கெடுக்கும் என்பது நூற்றாண்டுகளாகத் தெரிந்த செய்தி. பக்கிங்ஹாம், கர்நாட்டிக் மில்கள் பெரம்பூரில் தறி ஓட்டிக்கொண்டிருந்த காலத்திலேயே பிரிட்டிஷ் மருத்துவத்துக்குத் தெரிந்த செய்தி. தெரிந்திருந்தும் அது சட்டத்தில் ஏற எவ்வளவு காலம் ஆயிற்று, ஏறிய பின் கையில் கிடைக்க எவ்வளவு காலம் ஆயிற்று என்பதில்தான் வரலாறு இருக்கிறது.

3

1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் முதல் அட்டவணையைப் பிற்காலத் திருத்தங்களோடு படித்துப் பாருங்கள். உடலை இவ்வளவு நுணுக்கமாகக் கூறுபோட்ட இன்னொரு பிரதி நம்மிடம் கிடையாது. ஆள்காட்டி விரல் முழுதும் போனால் சம்பாதிக்கும் திறனில் 14 சதவீத இழப்பு. இரண்டு கணு போனால் 11. ஒரு கணு என்றால் 9. எலும்பு சேதமில்லாமல் நுனி மட்டும் வெட்டுப்பட்டால் 5. விரலுக்கு இத்தனை படிகள். காதுக்கு ஒரே படி: முழுச் செவிடு, 100 சதவீதம். பாதிச் செவிடு, கால் செவிடு, பேச்சு புரியாத செவிடு, சத்தம் தாங்காத செவிடு என்ற மனிதர்கள் அந்த அட்டவணையில் இல்லவே இல்லை. துண்டாகி விழுகிற உறுப்பைத்தான் அந்தக் கணக்குக்கு எண்ணத் தெரியும். தேய்கிற உறுப்பை எண்ணத் தெரியாது.

தேய்வுக்கு இடம் தந்தது தொழில்நோய்ப் பட்டியல். இரைச்சலால் வரும் செவிக் குறைபாடு அதில் இடம்பெற்றது. போபாலுக்குப் பின் 1987இல் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டபோது, அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலிலும் அது இருந்தது. 2020இல் நிறைவேறி 2025 நவம்பரில் அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் அதைத் தக்கவைத்துள்ளன. ஆனால் எழுதி வைப்பது வேறு. 2008இல் இந்தியத் தொழில்சார் மருத்துவ இதழொன்றில் வெளிவந்த ஆய்வுரை ஒன்று, 1948 முதல் இது இழப்பீட்டுக்குரியதாக இருந்தும் நாட்டில் முதல் இழப்பீடு வழங்கப்பட்டது 1996இல்தான் என்று சொல்கிறது. நாற்பத்தெட்டு ஆண்டுகள். சுதந்திரம் வந்தபின் வேலைக்குச் சேர்ந்த ஒரு முழுத் தலைமுறை காதை இழந்து, ஓய்வுபெற்று, செத்தும் போயிற்று. அதே 1996இல்தான் பி அண்டு சி மில்லும் மூடப்பட்டது. அந்த மில்லின் தொழிலாளர்களைக் கொண்டுதான் 1918 ஏப்ரல் 27இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று நாம் பெருமைப்படுவது அதைத்தான்.

சட்டம் குறித்த எண்ணுக்கு வருவோம். தொழிற்சாலைச் சட்டத்தின் கீழ் வந்த மாதிரி விதிகள் எட்டு மணிநேர வேலைக்கு 90 டெசிபல் என்று எல்லை வைத்தன. இது பாதுகாப்பான எண் என்று பலரும் நினைக்கிறோம். அமெரிக்காவின் தொழில்சார் உடல்நல ஆய்வு நிறுவனம் 1998இல் போட்ட கணக்குப்படி, 90 டெசிபலில் 40 ஆண்டு வேலைசெய்தால் நூற்றுக்கு 25 பேருக்குக் கூடுதலாகச் செவி இழப்பு வரும். 85 டெசிபலில் அது 8. எனவேதான் அந்நிறுவனம் 85ஐப் பரிந்துரைத்தது. எல்லை என்று அச்சிடப்பட்ட எண்ணுக்குள்ளேயே நாலில் ஒருவரின் காது முன்கூட்டியே கழித்துக்கொள்ளப்பட்டிருக்கிறது. விதி மீறப்பட்டால் வரும் கேடு ஒருபுறம் இருக்கட்டும். விதி ஒழுங்காகக் கடைப்பிடிக்கப்பட்டாலே வரும் கேடு இது.

இன்னொரு சட்டத்தை இதன் பக்கத்தில் வையுங்கள். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்கின்றன. டெசிபல் நேர்க்கணக்கு அல்ல. பத்து கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு. 55க்கும் 90க்கும் உள்ள இடைவெளி ஆற்றலில் மூவாயிரம் மடங்குக்கும் அதிகம். பெருங்களத்தூரில் குடியிருந்து ரயிலேறி ஷெட்டுக்குப் போகிற ஒருவர், வீட்டு வாசலில் குடிமகன், கம்பெனி கேட்டுக்குள் தொழிலாளி. இரண்டு இடத்திலும் அவர் கொண்டுபோவது ஒரே ஜோடிக் காது. குடிமகனின் காதுக்கு 55, தொழிலாளியின் காதுக்கு 90. வீட்டில் இருப்பவரின் தூக்கத்துக்குக் கொடுத்த மரியாதையை அவரது வேலைக்குக் கொடுக்கவில்லை. ஒரே உடலைச் சட்டம் இரண்டு உடலாகக் கட்டமைத்திருக்கிறது என்று நான் சொல்வது உருவகமல்ல, எண்களில் உள்ள விஷயம்.

4

இந்தக் காயம் உள்ளே எப்படி நடக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். ஏளனத்தின் வேர் அறியாமையில் இருக்கிறது.

உள்காதில் நத்தைக்கூடு போன்ற சுருளுக்குள் சுமார் 15,000 மயிரணுக்கள் உள்ளன. ஒலி அதிர்வை நரம்புச் சைகையாக மாற்ற உதவுவது அவைதான். பேரிரைச்சலில் அவை சாய்கின்றன, களைக்கின்றன, பிறகு சாகின்றன. பறவைகளுக்குத் திரும்ப முளைக்கும், மனிதருக்கு முளைக்காது. முதலில் போவது உயர் அதிர்வெண். ஆலைத் தொழிலாளியின் செவிச் சோதனை வரைபடத்தில் 4000 ஹெர்ட்ஸ் அருகே ஒரு பள்ளம் விழும். பிறகு அது இரு பக்கமும் அகலும்.

தமிழ் படித்தவன் என்ற முறையில் இந்தப் பள்ளத்தில் என்னென்ன எழுத்துகள் விழுகின்றன என்று கவனித்தேன். உயிரெழுத்துகள் பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்ணில், பலத்த ஆற்றலோடு வருபவை, அவை தப்பிவிடும். மூக்கொலிகளான மெல்லினமும் ஓரளவு தப்பிவிடும். மாட்டிக்கொள்வது வல்லினம். க, ச, த, ப என்று சொல்லின் முதலில் நின்று ஒரு சொல்லை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டுகிற ஒலிகள். பால், கால், சால் மூன்றும் அந்தக் காதுக்கு 'ஆல்'. பெரியம்மா 'பால் வேணுமா' என்று கேட்டபோது பெரியப்பா காலைத் தூக்கிக் காட்டினார். குழந்தைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வீட்டில் அது இன்றும் ஜோக். உயிர் கேட்கிறது, மெய் கேட்கவில்லை என்பதுதான் விஷயம். யாரோ பேசுகிறார்கள் என்று அவருக்குத் தெரிகிறது, என்ன பேசுகிறார்கள் என்று தெரியவில்லை. 'காது கேக்குது, புரியல' என்று இப்படிப்பட்டவர்கள் சொல்வது மழுப்பல் அல்ல, துல்லியமான விவரணை.

அடுத்தது வலி. மெல்லிய ஒலிகளைக் கூட்டியும் பேரொலிகளைக் கட்டுப்படுத்தியும் சமன்செய்து கொடுப்பது வெளிவரிசை மயிரணுக்களின் வேலை. அவை போனபின் கேட்கும் எல்லைக்கும் தாங்கும் எல்லைக்கும் நடுவிலுள்ள இடம் சுருங்கிவிடுகிறது. கீழே கேட்பதில்லை, மேலே தாங்குவதில்லை. சிலருக்கு இதைத் தாண்டி அன்றாட ஒலிகளே கூசும். தட்டு, விசில், பஸ் ஹாரன், குழந்தையின் வீறிடல். தீபாவளிக்கு முந்திய இரவுகளில் தெற்கே போகும் வண்டிகள் பெருங்களத்தூரில் நின்று ஹாரன் அடிக்கும் வழக்கத்தை இப்பகுதிவாசிகள் அறிவார்கள். அந்த இரவுகளில் பெரியப்பா பஞ்சை அடைத்துக்கொண்டு பின்கட்டில் படுப்பார். பஞ்சை வைத்தால் உள்ளே சில்வண்டு. அது ஓயாத காது இரைச்சல். 'வெளிய மூடினா உள்ள திறந்துக்குது' என்பார்.

இதற்காக அவர் ஒருமுறை ஒரு மருத்துவரிடம் போனார். எங்கே வேலை பார்த்தீர்கள் என்ற கேள்வியே வரவில்லை. 'வயசாச்சு பெரியவரே' என்று முடிந்தது. அப்போது அவருக்கு வயது 52.

சோதனைக் கருவியின் சாட்சியமும் முழுமையானதல்ல. 2009இல் குஜாவா, லிபர்மன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் எலிகளை இரண்டு மணிநேரம் பேரிரைச்சலில் வைத்தார்கள். சில நாளில் அவற்றின் கேட்கும் எல்லை பழையபடி திரும்பிவிட்டது. ஆனால் மயிரணுவையும் நரம்பையும் சேர்க்கும் இணைப்புகளில் பாதிவரை நிரந்தரமாகப் போயிருந்தன. மனிதரில் இது எவ்வளவு என்ற விவாதம் நடந்துகொண்டிருக்கிறது. ஒன்று மட்டும் உறுதி: வரைபடம் 'நார்மல்' என்று சொல்வதால் காது சேதமடையவில்லை என்று ஆகாது. இழப்பீடோ அந்த வரைபடத்தை நம்பித்தான் இருக்கிறது. வேலைக்குச் சேரும்போது எடுத்த வரைபடம் இல்லாதவர் எதோடு ஒப்பிட்டு நிரூபிப்பார்?

5

முதலாளியையும் சட்டத்தையும் சொல்லிவிட்டு நம்மை விட்டுவிட முடியாது.

காதடைப்பான் கொடுத்தாலும் ஆட்கள் போடுவதில்லை என்பது நிர்வாகங்களின் நிரந்தரப் பல்லவி. ஏன் போடவில்லை என்று பெரியப்பாவிடம் கேட்டேன். இரண்டு காரணம் சொன்னார். ஒன்று: 'போட்டா, என்னடா பொம்பள மாதிரின்னு சிரிப்பானுங்க.' இரண்டாவது: 'மிஷின் பேசறதக் கேக்காம எப்படி ஓட்டறது? டை தேஞ்சிருந்தா அடியோட சத்தம் மாறும். அது தெரியலன்னா வெரல் போயிடும்.' முதல் காரணத்தை ஆண்மை பற்றிய நமது கட்டுக்கதை என்று எளிதில் விமர்சித்துவிடலாம். இரண்டாவது கடினமானது. காது அங்கே ஒரு கருவி, தொழில்திறனின் பகுதி. விரலைக் காப்பாற்றக் காதைக் கொடுத்தார்கள். ஷெட்டின் இரைச்சலையே குறைப்பது, பிரஸ்ஸுக்கு உறை போடுவது, அதிர்வைத் தாங்கும் அடித்தளம் அமைப்பது என்பதெல்லாம் நிர்வாகத்தின் செலவு. பஞ்சு வைப்பது தொழிலாளியின் பொறுப்பு. அந்தப் பொறுப்பை அவர் தலையில் கட்டிவிட்டால் காது போனதும் அவர் குற்றமாகிவிடுகிறது.

சங்கங்கள் போனஸ் கேட்டன, பஞ்சப்படி கேட்டன. கேட்டது சரிதான். இரைச்சலைக் குறை என்பது கோரிக்கைப் பட்டியலில் ஏறிய நினைவு பெரியப்பாவுக்கு இல்லை. மிஷின் சத்தம் வேலை இருப்பதன் அடையாளம் என்று சங்கமும் நம்பியிருக்க வேண்டும்.

அதோடு, இரைச்சலுக்கு எதிரான பேச்சு நம் நாட்டில் யார் வாயிலிருந்து வருகிறது என்பதும் கவனத்திற்குரியது. 2000 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கு சென்னையைச் சேர்ந்தது: கே.கே.ஆர். மெஜஸ்டிக் காலனிக் குடியிருப்போர் நலச்சங்கத்துக்கும் ஒரு பெந்தகோஸ்தே சபைக்கும் இடையில் நடந்தது. மேளம், கித்தார், ஒலிபெருக்கியோடு ஜெபம் நடக்கிறது என்பது புகார். மாதவரம் நெடுஞ்சாலையின் வாகன இரைச்சல்தான் பெரிது என்பது சபையின் வாதம். தீர்ப்பு குடியிருப்போர் பக்கம். அண்டை வீட்டாரின் தூக்கத்துக்கு உரிமை உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஜெபக்கூட்டத்தின் மேளம் டெல்லி வரை கேட்கிற நாட்டில் பவர் பிரஸ்ஸின் அடி ஏன் அடுத்த தெருவுக்குக்கூடக் கேட்கவில்லை? சேரியின் பறையை இரைச்சல் என்று முகம் சுளித்த அதே பண்பாடுதான் ஆலையின் அடியை முன்னேற்றம் என்றது. அந்தப் பறையை அடித்தவரின் காதை யார் எப்போது சோதித்தார்கள்? இரைச்சல் என்பது கேட்பவனின் புகாராக இங்கே அங்கீகரிக்கப்பட்டிருக்கிறது. அதை உண்டாக்கிப் பிழைக்க வேண்டியிருப்பவனின் காயமாக அங்கீகரிக்கப்படவில்லை. சுற்றுச்சூழல் பேசும் நண்பர்களும் தொழிற்சங்க நண்பர்களும் ஒரே மேசையில் உட்கார வேண்டிய இடம் இது.

தாமஸ் பாரின் 1886ஆம் ஆண்டு ஆய்வில் இன்னொரு கேள்வியும் உண்டு. பொதுக்கூட்டத்தில் பேசுவது கேட்கிறதா என்று அவர் கேட்டார். பாய்லர் தொழிலாளரில் நாலில் மூன்று பங்குப் பேர் கேட்கவில்லை, அல்லது சிரமம் என்றார்கள். அவர்களோடு ஒப்பிடத் தபால்காரர்களையும் சோதித்தார். அவர்களில் மிகச் சிலரே அப்படிச் சொன்னார்கள். இதைப் படித்தபோது எனக்குப் பெரம்பூரும் 1918உம் நினைவுக்கு வந்தன. பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் ஒலிபெருக்கி இல்லாமல் பேசினார்கள். எதிரே நின்றவர்கள் பகல் முழுக்கத் தறியோரம் நின்றுவிட்டு வந்தவர்கள். பேச்சில் எவ்வளவு அவர்களுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்? மேடைத் தமிழின் வரலாற்றைப் பேச்சாளர் பக்கமிருந்தே எழுதி வந்திருக்கிறோம். கேட்டவர்களின் காது பக்கமிருந்து எழுதினால் அது வேறொரு வரலாறாக இருக்கும்.

சில வருடங்களுக்கு முன் மே தினக் கூட்டத்துக்குப் பெரியப்பாவைத் தாம்பரம் கூட்டிப்போனேன். முன்வரிசையில் உட்காரச் சொன்னார்கள். ஸ்பீக்கர் பாக்ஸ் பக்கத்தில் இருந்தது. இரண்டு நிமிஷத்தில் எழுந்துவிட்டார். பின்னால் டீக்கடைப் பக்கம் போய் நின்றோம். பேச்சாளரின் கை அசைவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

'கிட்டப் போனா வலிக்குது, எட்ட நின்னா புரியல. என்ன சொல்றாரு?'

போனஸ் பற்றிப் பேசுகிறார் என்று அவர் முகத்துக்கு நேராக நின்று, மெதுவாக, உதடு தெரியச் சொன்னேன். தலையாட்டினார். காது பற்றி ஏதாவது சொன்னாரா என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன்.